கரடிக்கு .30-06: எந்தத் தோட்டா?

கேள்வி: அலாஸ்காவில் பழுப்புக் கரடி வேட்டை. கையில் .30-06 ரக ரைபிள். மானுக்கு வாங்கிய 150 கிரெய்ன் (தோட்டா எடையின் அலகு) தோட்டா போதுமா?

பதில் 1: கருங்கரடி என்றால் சமாளிக்கலாம், இதற்கு வேண்டவே வேண்டாம். மெல்லிய உறை தோள் எலும்பில் பட்டதும் சிதறிவிடும், நுரையீரல் வரை போகாது. 200 அல்லது 220 கிரெய்ன் எடுங்கள்: ஈயம் உறையோடு பிணைந்த ‘பாண்டட்’ ரகம், இல்லையேல் நடுவில் தடுப்புள்ள நாஸ்லர் பார்ட்டிஷன்.

பதில் 2: முழுச் செம்புத் தோட்டா என்றால் 180 கிரெய்னே போதும், பட்ட பிறகும் எடை அவ்வளவாகக் குறையாது. தோட்டா மாறினால் குறியும் நகரும். 100 கஜத்தில் மும்மூன்றாகச் சுட்டு ஸ்கோப்பைத் திருத்துங்கள். மொண்ணை மூக்குத் தோட்டா சில ரைபிள்களில் உள்ளே ஏறும்போதே சிக்கும். மேகசினை நிரப்பி ரேஞ்சிலேயே சோதித்துவிடுங்கள்.

பதில் 3: அடர்ந்த முடி நெஞ்சின் கீழ்வரம்பை மறைத்து ஏமாற்றும். பக்கவாட்டில் நிற்கும்போது முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால், உடம்பின் நடுமட்டத்தில் குறிவையுங்கள்.