டர்போ (இன்ஜினுக்குக் காற்றை அழுத்தித் தரும் பாகம்) போய்விட்டதா, வேறு கோளாறா?

நண்பர்களே, 2012 மாடல் 1.3 லிட்டர் டீசல் கார், 2,40,000 கிலோமீட்டர் ஓடியது, ரீமேப் (பவர் கூட, இன்ஜின் கம்ப்யூட்டர் செட்டிங்கை மாற்றுவது) செய்திருக்கிறேன். இப்போது 2,000 ஆர்பிஎம் தாண்டினால் சைரன் மாதிரி ஊளைச் சத்தம். ஏற்றத்தில் இழுவையே இல்லை. ஆக்சிலேட்டரை விட்டு மறுபடி மிதித்தால் நீலப்புகை. டர்போ காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் ஹோஸைக் கழற்றினால் உள்ளே ஆயில் வழிகிறது. டர்போவில் காற்றை அழுத்தும் கம்ப்ரசர் வீல் பக்கவாட்டில் லேசாக ஆடுகிறது; சரி, ஆயில் படலத்துக்கு அந்த இடைவெளி இருக்க வேண்டியதுதான். ஆனால் முன்னும் பின்னும் இழுத்தாலும் அசைகிறது, பிளேடு நுனியில் உரசிய தடமும் இருக்கிறது. தண்டு முன்பின் நகராமல் பிடிக்கும் த்ரஸ்ட் பேரிங் தேய்ந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

மெக்கானிக் நேராகப் புது டர்போ போடச் சொல்கிறார். டர்போவுக்குப் போகும் ஆயில் பைப்பில் அடைப்பு இருக்கிறதா என்று பார்க்காமல் போட்டால் அதுவும் போய்விடுமே! கோவை பக்கம் கார்ட்ரிட்ஜ் (தண்டு, வீல், பேரிங் அடங்கிய டர்போவின் நடுப்பகுதி) மட்டும் மாற்றி, பேலன்ஸ் செய்து தருபவர்கள் யாராவது உண்டா? அப்புறம், ரீமேப்பை எடுத்துவிடலாமா?