புதுச்சேரியிலிருந்து செஞ்சி: ஒரே நாளில் ராஜகிரி, கிருஷ்ணகிரி இரண்டும் ஏற முடியுமா?

கேட்டவர்: லாஸ்பேட்டைக்காரர்

வணக்கம். தை மாதத்தில் ஒரு ஞாயிறு பார்த்து செஞ்சிக்கோட்டை போய்வரலாம் என்று இருக்கிறோம். காலையில் கிளம்பி இரவுக்குள் வீடு திரும்ப வேண்டும். நாங்கள் இருவர், 11 வயதுப் பையன், 66 வயது அம்மா. அம்மாவுக்கு முழங்கால் வலி. சமதளத்தில் மெதுவாக நடப்பார், படி ஏற முடியாது. சொந்த வண்டி இல்லை. பஸ்ஸில் போனால் சமாளிக்கலாமா, வாடகை கார் பிடிப்பதுதான் நல்லதா? இரண்டு மலையும் ஏறிவிடலாம் என்பது பையனின் கணக்கு. அம்மாவை எங்கே உட்கார வைப்பது, சாப்பாட்டுக்கு என்ன செய்வது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

பதில் 1: படிக்கணக்கு

முதலில் ராஜகிரி. இதை மட்டும் மாற்றாதீர்கள்.

செஞ்சி ஊரிலிருந்து திருவண்ணாமலை ரோட்டில் 2 கிலோமீட்டர் போனால் கோட்டை. ரோடு இரண்டு மலைக்கும் நடுவே போகிறது. வலது கைப்பக்கம் கிருஷ்ணகிரி, இடது கைப்பக்கம் உள்ளே தள்ளி ராஜகிரி. கிருஷ்ணகிரி ரோட்டை ஒட்டி, சின்னதாகத் தெரிவதால் பாதிப் பேர் "இதை முடித்துவிட்டு அதற்குப் போவோம்" என்று அதில் ஏறிவிடுகிறார்கள். இறங்கி, சாப்பிட்டு, ராஜகிரி அடிவாரத்துக்கு வரும்போது மணி மூன்றாகிவிடும். 3 மணிக்கு மேல் ராஜகிரி ஏற ஆளை விடுவதில்லை. 5 மணிக்குக் கோட்டையை மூட வேண்டும், அதற்குள் எல்லோரும் கீழே இறங்கியாக வேண்டும் என்பதுதான் காரணம். வாட்ச்மேனிடம் கெஞ்சிப் பயனில்லை.

கோட்டை திறப்பது காலை 9 மணி. அந்த நேரத்துக்கு டிக்கெட் கவுன்ட்டர் முன்னால் நில்லுங்கள். பெரியவர்களுக்கு 25 ரூபாய், 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு இலவசம். இரண்டு மலைக்கும் ஒரே டிக்கெட்தான், தொலைத்துவிடாதீர்கள்.

ராஜகிரி சுமார் 800 அடி உயரம், ஆயிரத்துக்கும் மேல் படி. அளவெடுத்துச் செதுக்கிய படி இல்லை. ஒன்று அரை அடி, அடுத்தது ஒன்றரை அடி, நடுவே வெறும் பாறைச் சரிவு. பையனோடு ஏற ஒன்றரை மணி நேரம், மேலே முக்கால் மணி, இறங்க ஒரு மணி. ஆக 9 மணிக்குத் தொடங்கினால் பன்னிரண்டே காலுக்குள் கீழே. கீழ்ப்பாதியில் மரநிழல் உண்டு. மேலே மொட்டைப் பாறை. தை மாதத்திலும் 11 மணிக்கு மேல் சூடு பாறையிலிருந்து முகத்தில் அடிக்கும். பங்குனி, சித்திரையில் இந்தப் பக்கமே வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் பாறை வழுக்கும்.

தண்ணீர் ஆளுக்கு 2 லிட்டர், பையனுக்கு ஒன்றரை. மேலே கடை, குழாய் எதுவும் கிடையாது. கழிப்பறை அடிவாரத்தில்தான். ரப்பர் செருப்பு வேண்டாம். ஏறும்போது தெரியாது, இறங்கும்போது வியர்வையில் பாதம் முன்னால் சறுக்கி வார் அறுந்துவிடும். பின்பக்கம் வார் இருக்கும் சாண்டல்ஸ் அல்லது ஷூ.

குரங்கு: கையில் பிளாஸ்டிக் கவர் தெரிந்தால் அது உங்களுடையது இல்லை. தின்பண்டம் உள்ளே இருக்கிறதா என்று அது பார்க்காது, கவரின் சரசரப்பே போதும். எல்லாவற்றையும் ஜிப் போட்ட முதுகுப்பைக்குள் வையுங்கள். தண்ணீர் பாட்டிலை வெளிப்பக்க வலைப்பையில் செருகாதீர்கள். பையன் கையில் பிஸ்கட் கொடுத்து நடக்க விடவே வேண்டாம்.

கிருஷ்ணகிரி? ஏறி இறங்க ஒன்றரை மணி நேரம் போதும். ஆனால் ராஜகிரி இறங்கிய தொடை மதியத்துக்கு மேல் நடுங்கும். 3 மணி வாக்கில் பையனுக்கு இன்னும் ஆசை இருந்தால் ஏறுங்கள். அங்கே மாலை எத்தனை மணி வரை விடுவார்கள் என்று காலையில் டிக்கெட் வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். கட்டாயம் இல்லை என்பது என் கருத்து.

---

பதில் 2: திண்டிவனம் பஸ்

தேதி குறிக்கும் முன் காலண்டரில் அமாவாசையும் பௌர்ணமியும் பாருங்கள். பௌர்ணமி என்றால் கிரிவலக் கூட்டம். நீங்கள் ஏற வேண்டிய திருவண்ணாமலை பஸ்தான் அவர்களுக்கும். செஞ்சி வரை நின்றுகொண்டே போக வேண்டியிருக்கும், உங்கள் அம்மாவுக்கு ஆகாது. அமாவாசை என்றால் மேல்மலையனூர் அங்காளம்மன். நள்ளிரவு ஊஞ்சல் உற்சவத்துக்கு மத்தியானத்திலிருந்தே செஞ்சி வழியாக ஜனம் போகும். சாயங்காலம் செஞ்சி பஸ் ஸ்டாண்டில் நிற்க இடமிருக்காது. காணும் பொங்கலும் தவிர்க்க வேண்டிய நாள். அன்று சுற்றுவட்டார ஊர்கள் எல்லாம் கோட்டையில்தான் இருக்கும்.

பஸ்: புதுச்சேரி – திண்டிவனம் – செஞ்சி வழியாகத் திருவண்ணாமலை போகும் வண்டி. இரண்டு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள், 6:30க்குள் ஏறிவிடுங்கள். நேர் பஸ் வரும் வரை காத்திருக்க வேண்டாம். திண்டிவனத்தில் மாறினால் செஞ்சிக்கு அடுத்தடுத்து பஸ் உண்டு. கண்டக்டரிடம் "கோட்டையில் நிறுத்துவீங்களா" என்று ஏறும்போதே கேளுங்கள். சில வண்டி நிற்கும், சில நிற்காது. நிற்காவிட்டால் பஸ் ஸ்டாண்டில் இறங்கி ஆட்டோ. ரோட்டிலிருந்து ராஜகிரி வாசலுக்கு உள்ளே கொஞ்சம் நடை இருப்பதால், அம்மா இருக்கும்போது எப்படியும் ஆட்டோதான் சரி. வெயிட்டிங் சேர்த்து எவ்வளவு என்று முதலிலேயே பேசிவிடுங்கள்.

திரும்பும்போது கோட்டை ஓரத்தில் நின்று கை காட்டாதீர்கள். ஞாயிறு மாலை திருவண்ணாமலையிலிருந்து வரும் வண்டி நிரம்பித்தான் வரும். செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்கு வந்துவிட்டால் இறங்குகிறவர்களின் சீட்டாவது கிடைக்கும்.

சாப்பாடு: கோட்டை வாசலில் இளநீர், வெள்ளரி, சோடா கிடைக்கும். சோற்றுக்கு ஊருக்குள்தான் வர வேண்டும். பஸ் ஸ்டாண்டைச் சுற்றி மெஸ்கள் இருக்கின்றன. 2 மணிக்கு மேல் போனால் ரசம்தான் மிஞ்சும்.

---

பதில் 3: கல்யாணமகால்

அம்மாவை அடிவாரத்தில் "உட்கார வைக்க" வேண்டாம், அவர் பார்க்கவே அரை நாளுக்கு இருக்கிறது. ராஜகிரியின் கீழ்க்கோட்டை முழுக்கச் சமதளம். கல்யாண மகால், குதிரை லாயம், நெற்களஞ்சியம், யானைக்குளம் எல்லாம் வாசலுக்கு அருகிலேயே. கல்யாண மகாலில் நடுவே சதுர முற்றம், ஒரு பக்கம் கூம்பாக அடுக்கடுக்காக எழும் மாடம். கோட்டைக்கு வெளியே இருந்த நீர்த்தேக்கத்திலிருந்து சுடுமண் குழாய் வழியாக மேல்மாடி வரை தண்ணீர் கொண்டுபோயிருக்கிறார்கள். மாடிப்படி குறுகல், அம்மா முற்றத்தின் தாழ்வாரத்தோடு நிற்கட்டும். ஒருவர் அவரோடு இருந்துகொள்ளுங்கள்.

மதியத்துக்குப் பிறகு வெங்கடரமணர் கோயிலுக்கு ஆட்டோவில் அழைத்துப் போங்கள். நாயக்கர் காலத்துக் கோயில், கோட்டைக்குள் உள்ளவற்றில் பெரியது. கோபுர வாசலின் இரு பக்கச் சுவரிலும் ராமாயணம், பாற்கடல் கடைதல் சிற்பங்கள். புதுச்சேரிக்காரர்களுக்கு இதில் ஒரு உறவும் உண்டு: நம் கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் கல்தூண்கள் இந்தக் கோயிலிலிருந்து பிரெஞ்சுக்காரர்கள் பெயர்த்துக் கொண்டுவந்தவை. 1750இல் கோட்டையைப் பிடித்தார்கள், 1761இல் ஆங்கிலேயரிடம் விட்டார்கள். தூண் மட்டும் இங்கேயே தங்கிவிட்டது. முந்தின நாள் சாயங்காலம் பீச்சுக்குப் போய்ப் பையனுக்குத் தூணைக் காட்டுங்கள். மறுநாள் கோயிலில் வெறுமையாக இருக்கும் இடத்தை அவனே தேடுவான்.

ராஜகிரியில் அவனுக்குப் பிடிக்கப்போவது உச்சிக்குச் சற்றுக் கீழே இருக்கும் பாலம். மலை அங்கே தானாகவே பிளந்து கிடக்கிறது, சுமார் 24 அடி அகலம், 60 அடி ஆழம். பாலத்தை எடுத்துவிட்டால் எதிரி பள்ளத்துக்கு இந்தப்பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். 1677இல் சிவாஜி பிடித்த கோட்டை. பிறகு ராஜாராம் இதற்குள் இருந்துகொண்டு முகலாயப் படையை ஏழு ஆண்டுகளுக்கும் மேல் இழுத்தடித்தார். பாலத்தில் நின்று சொன்னால் கதை புரியும். 2025இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த 12 மராத்தியக் கோட்டைகளில் மகாராஷ்டிரத்துக்கு வெளியே இருப்பது இது ஒன்றுதான்.

---

லாஸ்பேட்டைக்காரர்:

நன்றி. அப்படியானால் கிருஷ்ணகிரியை விட்டுவிடுகிறோம். கார் பிடித்தால் மாலை நேரத்தில் வேறு என்ன சேர்க்கலாம்? அம்மாவுக்கு ஒரு கோயிலாவது வேண்டும்.

---

பதில் 4: வட்டெழுத்து

கார் என்றால் இரண்டு வழி இருக்கிறது, இரண்டையும் சேர்க்காதீர்கள்.

ஒன்று, சிங்கவரம். செஞ்சிக்கு வடக்கே 4 கிலோமீட்டர். பல்லவர் குடைவரையில் பள்ளிகொண்ட ரங்கநாதர். தேசிங்குராஜன் போருக்கு விடைபெற வந்தபோது பெருமாள் முகத்தைத் திருப்பிக்கொண்டதாகச் சொல்வார்கள். போனவன் 1714இல் மாண்டான். கோயில் மலைமேல் இருக்கிறது, படி ஏறித்தான் போக வேண்டும் என்பதால் அம்மாவுக்குச் சிரமம். பகலில் நடை சாத்தியிருக்கும், மாலையில் திறந்த பிறகு போங்கள். போகும் வழியிலேயே திருநாதர்குன்று. ஒரே பாறையில் வரிசைக்குப் பன்னிரண்டாக 24 சமணத் தீர்த்தங்கரர் சிற்பங்கள். பக்கத்துப் பாறையில் சந்திரநந்தி ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்விட்டதைச் சொல்லும் கல்வெட்டு. "ஐம்பத்தேழன" என்று தொடங்கும் அந்த "ஐ", தமிழ்க் கல்வெட்டுகளில் கிடைத்த முதல் ஐகாரமாகச் சொல்லப்படுகிறது. சாய்வெயிலில்தான் எழுத்து எழும்பித் தெரியும். உச்சிவெயிலில் போனால் வெறும் பாறைதான்.

இரண்டாவது, திரும்பும்போது விழுப்புரம் வழியாக வந்து மண்டகப்பட்டில் இறங்குவது. செஞ்சிக்கும் விழுப்புரத்துக்கும் ஏறக்குறைய நடுவே. செங்கல், மரம், உலோகம், சுண்ணம் எதுவும் இல்லாமல் விசித்திரசித்தன் (அது அவன் பட்டப்பெயர்) எடுத்தது என்று பல்லவ மன்னன் மகேந்திரவர்மனே கல்லில் சொல்லியிருக்கும் குடைவரை. இருபுறமும் ஆளுயரத் துவாரபாலகர். படியேற்றம் பெரிதாக இல்லை. அம்மாவுக்கு இதுதான் பொருத்தம். ஆனால் வழிபாடு இல்லாத இடம். விளக்கேற்றிக் கும்பிட வேண்டும் என்றால், போகிற வழியில் திண்டிவனத்துக்கு முன்னால் மயிலம் முருகன் இருக்கிறார். குன்றின் மேல் வரை கார் ஏறும். காலை 7 மணிக்கு அங்கே நின்று கும்பிட்டாலும் 9 மணிக்குச் செஞ்சி வாசலில் இருக்கலாம்.