ஃபோர்க்: கவையா, கவலையா, வேறுவைப்பா?

காரைக்குடி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம்.

சனிக்கிழமை எங்கள் கல்லூரியில், நிரலில் செய்யும் மாற்றங்களைத் தடம் வைக்கும் கிட் மென்பொருளுக்குப் பயிற்சி வகுப்பு. பள்ளிப் படிப்பைத் தமிழ்வழியில் முடித்து வந்த மாணவிகள்தான் பெரும்பாலோர். அவர்களுக்கான கையேட்டை வெள்ளிக்கிழமை நண்பகலுக்குள் கொடுத்தாக வேண்டும். அதைத் தாண்டினால் அச்சகத்தில் கல்யாணப் பத்திரிகைகள் வரிசையில் நிற்கின்றனவாம், முகூர்த்த மாதம்.

களஞ்சியம் (நிரல் கோப்புகளின் சேமிப்பிடம்), கிளை, ஒன்றிணைப்பு, வழு எல்லாவற்றையும் நம் மடற்குழுவின் கலைச்சொல் பட்டியலில் உள்ளபடியே போட்டுவிட்டேன். ஒரே ஓர் இடத்தில் மட்டும் நிற்கிறேன். ஒருவர் களஞ்சியத்தை இன்னொருவர் தனியே நகலெடுத்துக்கொள்ளும் ஃபோர்க்குக்கு என்ன எழுதுவது? இயந்திர மொழிபெயர்ப்பைக் கேட்டால் “உங்கள் முள்கரண்டியை மூலக் களஞ்சியத்துடன் ஒத்திசைக்கவும்” என்கிறது. இதை அச்சடித்தால் பிள்ளைகள் வகுப்புக்குத் தட்டோடு வந்து உட்கார்வார்கள். ஒரு சொல் தாருங்கள்.

கோட்டையூர் எழுதியது:

அக்கா, ஃபோர்க் என்றே விட்டுவிடுங்கள். பஸ்ஸையும் டிக்கெட்டையும் விட்டுவைத்த மொழி இதையும் தாங்கும். நாளைக்கு இந்தப் பிள்ளைகள் வேலைக்குப் போகும் இடத்தில் பொத்தானில் அந்தச் சொல்தான் எழுதியிருக்கும். கையேட்டில் ஒன்று, திரையில் ஒன்று என்றால் எதைத் தேடுவார்கள்? பத்து வரி நிரல் எழுதி ஓட்டிப் பார்க்க வேண்டிய நேரத்தில் நாம் ஒரு சொல்லை வைத்துக்கொண்டு ஒரு வாரம் உட்கார்ந்திருப்போம். போன முறை ‘கேஷ்’ (தற்காலிகச் சேமிப்பு) என்ற சொல்லுக்கான விவாதம் எப்படி முடிந்தது என்று நினைவிருக்கிறதா? எனக்கு இல்லை. முடியவே இல்லை என்று நினைக்கிறேன்.

தேவகோட்டை எழுதியது:

தம்பிக்கு,

ஆய்தத்தை மொழிமுதலில் வைத்து எழுதிவிட்டு, மொழி தாங்கும் என்று சான்றிதழும் கொடுக்கிறீர்கள். “குறியதன் முன்னர் ஆய்தப் புள்ளி” என்று தொல்காப்பியம் தெளிவாகச் சொல்கிறது. முன்னால் ஒரு குறில், பின்னால் உயிரேறிய வல்லினம். இவ்விரண்டுக்கும் நடுவில்தான் அதற்கு இடம். அஃது, எஃகு, கஃசு. உங்கள் ஃபோர்க்கில் ஆய்தத்துக்கு முன்னால் என்ன இருக்கிறது? காற்று. தமிழ்99 விசைப்பலகையில் ஆய்தம் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கிறது என்பதற்காக எங்கே வேண்டுமானாலும் தட்டலாமா?

சொல் நம்மிடமே இருக்கிறது: கவை. ஒரு கொம்பு இரண்டாகப் பிரிகிற இடம். கவைக்கோல் என்று இன்றும் சொல்கிறோம், வேலி முள்ளைத் தள்ளுகிற கோல். இதன் குடும்பம் பெரியது. கவர், கவடு, கவட்டை, கவான். கவான் என்றால் தொடை. உடல் இரண்டாகப் பிரிகிற இடமல்லவா? கவண் இந்தக் குடும்பமா என்பதில் எனக்கே ஐயம் உண்டு. அதைத் தனி மடலில் எழுதுகிறேன்.

எல்லாவற்றிலும் அழகானது கவலை. பாதை பிரிகிற இடத்துக்குச் சங்கப் புலவர்கள் வைத்த பெயர் அது. பாலையில் நடந்து வருகிறவன் பிரிவழியில் நின்று எது ஊருக்குப் போகும் வழி என்று தெரியாமல் மயங்குகிறான். அந்த மயக்கம்தான் பிற்பாடு மனக்கவலை ஆனது என்பது என் துணிபு. ஆகவே பெயர்ச்சொல் கவை, வினைச்சொல் கவைத்தல். களஞ்சியத்தைக் கவைத்தேன், கவைக்கிறேன், கவைப்பேன். மூன்று காலமும் தடையில்லாமல் வருகின்றன.

கோட்டையூர் எழுதியது:

ஐயா, கவைத்தேன் என்பதில் ஓர் எழுத்து தவறினால் சுவைத்தேன் ஆகிவிடும். அக்காவின் முள்கரண்டி மறுபடியும் மேசைக்கு வந்துவிட்டது.

குடும்பம் பெரியது என்றீர்கள். அதில் கவட்டையும் இருக்கிறதே, அதை வகுப்பில் சொல்லிப் பார்த்திருக்கிறீர்களா? எங்கள் தெருவில் அணில் அடிக்கிற கவட்டை ஒன்று. இன்னொரு கவட்டை எங்கே இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். போதாததற்குக் ‘கவைக்குதவாத பேச்சு’ என்று ஒரு வழக்கு வேறு. “இது கவைக்குதவாத களஞ்சியம்” என்று ஒரு பெண் எழுதினால், ஃபோர்க் செய்ய அனுமதி இல்லை என்று பொருளா, குப்பை என்று பொருளா?

ஆனால் கவலை எனக்குப் பிடித்திருக்கிறது. அதையே வைத்துக்கொள்ளலாம். “இந்தத் திட்டத்துக்கு நானூறு கவலைகள்.” மூல நிரலைப் பராமரிக்கிறவரைக் கேட்டுப் பாருங்கள், சரியான மொழிபெயர்ப்பு என்பார்.

பள்ளத்தூர் எழுதியது:

இருவரும் சற்றுப் பொறுங்கள். எந்த ஃபோர்க்குக்குச் சொல் தேடுகிறோம் என்றே இன்னும் முடிவாகவில்லை.

பொத்தானை அழுத்தினால் களஞ்சியத்தின் நகல் என் கணக்கில் வந்து உட்காருகிறதே, அது ஒன்று. அதில் சண்டை இல்லை. திருத்தத்தை எழுதி மூலத்துக்கே திருப்பி அனுப்புவதற்காகத்தான் பெரும்பாலும் அதைச் செய்கிறோம். இன்னொன்று, மனம் முறிந்து பிரிவது. சன் நிறுவனத்தை ஆரக்கிள் வாங்கிய 2010இல், சன்னிடம் இருந்த அலுவலக மென்பொருளான ஓப்பன் ஆஃபிஸ்.ஆர்க் ஆட்களில் ஒரு பெரும் பகுதியினர் வெளியேறி லிப்ரே ஆஃபிஸைத் தொடங்கினார்களே, அது அந்த வகை. தரவுத்தள மென்பொருளான மையெஸ்கியூஎல்லிலிருந்து 2009இல் மரியாடிபி பிரிந்ததும் அப்படித்தான். இரண்டையும் ஆக்கியவர் மூத்த மகள் மை பெயரில் முதலாவதையும் இளைய மகள் மரியா பெயரில் அடுத்ததையும் வைத்தார். மூத்தவள் பெயர் கொண்டது கைமாறிப் போய்விட்டது. இளையவள் பெயரில் புதிதாகத் தொடங்கினார். நம் ஊர்ப் பக்கம் இதைச் சொன்னால் யாருக்கும் விளக்கவுரை தேவைப்படாது.

இந்த இரண்டாம் வகைக்குப் பிளவு என்ற சொல்லே போதும். முதல் வகைக்குத்தான் சொல் இல்லை என்கிறோம். இருக்கிறது. நாம் பிறந்த வீட்டிலேயே இருக்கிறது: வேறு வைத்தல்.

வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். நகரத்தார் வீடுகளில் மகனுக்குக் கல்யாணமாகிச் சில காலம் கழிந்ததும் பெற்றோரே அவர்களை வேறு வைத்துவிடுவார்கள். கோபித்துக்கொண்டு போவது அல்ல, முறைப்படி வைப்பது. வீடு அதே வீடு, முகப்பும் வளவும் அவையே. அடுப்பு மட்டும் தனி, கணக்கும் தனி. எங்கள் அப்பத்தா வீட்டில் இரண்டாங்கட்டுத் தாழ்வாரத்தில் அடுப்புகள் வரிசையாக இருந்தன. ஒவ்வோர் அடுப்பின் பக்கத்திலும் அவரவர் உப்புச் சாடி, அவரவர் அரிசி டின். டின் மூடியில் ஆணியால் கீறிய இனிஷியல். சின்னாத்தா அடுப்பில் குழம்பு கொதித்தால் பெரியாத்தா அடுப்புக்கு ஒரு கிண்ணம் போகும். பெரியாத்தாவுக்குப் பிடித்திருந்தால் மறுநாள் அவர் அடுப்பிலும் அதே கைப்பக்குவம். பிடிக்காவிட்டால் கிண்ணம் மட்டும் கழுவித் திரும்பி வரும், ஒரு வார்த்தை இருக்காது. முன்னோருக்குப் படைப்பு என்றால் எல்லா அடுப்பும் ஓய்ந்து, பங்காளிகள் எல்லோரும் ஒரே சமையலில் சேர்ந்து நிற்பார்கள்.

மூலம் ஒன்று, வரலாறு ஒன்று, பராமரிப்பு தனி, தேவைப்பட்டால் சேரலாம். பொத்தான் செய்கிற வேலை இதுதான். வேறுவைப்பு என்று போடுங்கள். ‘இந்தக் களஞ்சியத்தை வேறு வை’ என்று பொத்தானிலும் எழுதலாம்.

கண்டனூர் (சிங்கப்பூரிலிருந்து) எழுதியது:

ஆச்சி, உங்கள் மடலைப் படித்ததும் எனக்குப் பசி வந்துவிட்டது. இங்கே இரவு பதினொரு மணி.

சொல் அருமை. ஆனால் காரைக்குடியைத் தாண்டினால் யாருக்குப் புரியும்? எங்கள் குழுவில் யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர், கோயம்புத்தூர்க்காரர் ஒருவர். இரண்டு பேரிடமும் ‘வேறு வை’ என்று சொல்லிப் பார்த்தேன். முதலாமவர் “எதை, எங்கே வைப்பது?” என்றார். அடுத்தவர் கோப்பை வேறு அடைவுக்கு மாற்றிவிட்டார். தமிழ்நாடு முழுவதும் தெரிந்த சொல் வேண்டுமானால் தனிக்குடித்தனம் இருக்கிறது. தொலைக்காட்சித் தொடர்கள் அதை வீடுதோறும் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கின்றன. ஆனால் அதில் மாமியார் மருமகள் வாடை அடிக்கிறது. மூல நிரலாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டு வாசலில் நிற்பது போலத் தோன்றுகிறது.

தேவகோட்டை எழுதியது:

தங்கையின் மடல் மனத்தைத் தொட்டது. ஆனால் சொல்லாக்கத்தில் மனத்துக்கு வேலை இல்லை.

வேறு வைத்தல் என்னும்வரை சரி. அதைப் பெயராக்கி வேறுவைப்பு என்றதும் சிக்கல் வருகிறது. வைப்பு என்றால் வங்கியில் போடுவது. இன்னொரு பொருளும் உண்டு. பெண் பிள்ளைகள் படிக்கும் கையேடு என்பதால் விரிக்கவில்லை. “அவருக்கு ஒரு வேறுவைப்பு இருக்கிறது” என்று ஊரில் சொன்னால் பேச்சு எங்கே போகும்?

கவைக்கு இன்னொரு வலு இருப்பதை நேற்று இரவு கண்டேன். “கவவு அகத்திடுமே” என்பது தொல்காப்பிய உரியியல். கவவு என்றால் அகத்தே கொள்ளுதல், தழுவுதல். சங்கப் பாடலில் கவைஇ என்று வந்தால் தழுவி என்று பொருள். பிரிவதும் கவை, தழுவுவதும் கவை! ஃபோர்க்கும் ஒன்றிணைப்பும் ஒரே வேரில் கிடைக்கின்றன. எந்த மொழியில் இந்தப் பேறு வாய்த்திருக்கிறது?

கூடுதலாக ஒன்று. கவலை என்பது மாடு பூட்டி நீர் இறைக்கும் ஏற்றத்துக்கும் பெயர். நம் பக்கம் கமலை என்பார்கள். வகரம் மகரமாவது

கோட்டையூர் எழுதியது:

ஐயா, மடல் பாதியில் நின்றுவிட்டது. கமலையிலிருந்து இறங்கி வாருங்கள். பிரிவதற்கும் சேர்வதற்கும் ஒரே சொல் என்பது பேறு அல்ல, வழு.

பிரிந்தது சேருமா என்று கேட்பவர்களுக்காக: சேரும். ஜிசிசி என்ற நிரல்மொழிமாற்றியிலிருந்து 1997இல் பிரிந்த ஈஜிசிஎஸ் 1999இல் தானே அதிகாரப்பூர்வ ஜிசிசி ஆகிவிட்டது. பிரிந்து போன பிள்ளையிடமே வீட்டுச் சாவியைக் கொடுத்த கதை. ஜாவாஸ்கிரிப்ட் நிரலை ஓட்டும் நோட் ஜேஎஸ்ஸிலிருந்து 2014 இறுதியில் பிரிந்த ஐஓ.ஜேஎஸ் அடுத்த ஆண்டே திரும்பி வந்து சேர்ந்தது. ஆகவே ஆச்சி சொன்ன பிளவும் முழுப் பிளவு அல்ல.

மூன்றாவது ஃபோர்க்கை எல்லோரும் மறந்துவிட்டீர்கள். யூனிக்ஸ் இயங்குதளத்தின் ஃபோர்க் அழைப்பு. ஒரு செயல்முறை, அதாவது ஓடிக்கொண்டிருக்கும் நிரல், தன்னைப் போலவே இன்னொன்றைப் பெற்றுப்போடும். தாய்க்குக் கையில் பிள்ளையின் எண் கிடைக்கும். பிள்ளைக்குக் கிடைப்பது சுழியம். இதற்கும் வேறுவைப்பு என்றால் பிள்ளை நீதிமன்றத்துக்குப் போய்விடும். பிள்ளை முடிந்துபோனாலும் தாய் வந்து விசாரிக்கும்வரை அதன் பெயர் அட்டவணையில் நின்றுகொண்டிருக்கும். அதற்குப் பெயர் ஸோம்பி. அதற்கும் ஒரு தமிழ்ச்சொல் தேட வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

கண்டனூர் எழுதியது:

பேய்ச்செயல்.

கோட்டையூர் எழுதியது:

கும்பிட்டேனே!

காரைக்குடி எழுதியது:

இன்று வியாழன். அச்சகத்தார் இரண்டு முறை அழைத்துவிட்டார். இதைக் கம்பன் மணிமண்டபத்தில் வைத்து நடுவர் போட்டுப் பட்டிமண்டபமாகவே நடத்தலாம்; ஆனால் அதற்கும் தீர்ப்பு வர இரவாகிவிடும். மாலைக்குள் ஒவ்வொருவரும் ஒரு வரியில் சொல்லுங்கள். சொல்லாதவர்கள் வாக்கு கவைக்கு. ஏனென்றால் இரண்டு எழுத்து, பொத்தானுக்குள் அடங்குகிறது. வேறு காரணம் இல்லை.

தேவகோட்டை எழுதியது:

கவை. ஆனால் கையேட்டில் ‘கவைக்களஞ்சியம்’ என்று வரும் இடங்களைப் பாருங்கள். கவையைப் பெயராகக் கொண்டால் ஒற்று மிகும். வினையடியாகக் கொண்டு, கவைத்த, கவைக்கின்ற, கவைக்கும் களஞ்சியம் என்று விரித்தால் வினைத்தொகை, ஒற்று மிகாது. எதைக் கருதினீர்கள் என்று தெரிந்தால்தான் என் வாக்கு செல்லும்.

கோட்டையூர் எழுதியது:

ஃபோர்க். தோற்பேன் என்று தெரியும். பதிவுக்காக.

கண்டனூர் எழுதியது:

கவை, தூக்கக் கலக்கத்தோடு.

காரைக்குடி எழுதியது:

கவை என்றே அச்சுக்குப் போய்விட்டது. முதல் முறை வரும் இடத்தில் ‘கவை, அதாவது ஃபோர்க்’ என்று போட்டிருக்கிறேன். ஒற்று போட்டிருக்கிறேன், அண்ணன் பெயர்ச்சொல்லாகவே கருதிக்கொள்ளட்டும்.

வகுப்பு எப்படி நடந்தது என்று கேட்பீர்கள். பிள்ளைகள் கையேட்டைப் பார்த்துக் கவை என்று வாசித்துவிட்டு, பொத்தானை அழுத்தியதும் “ஃபோர்க் ஆகிவிட்டது, மேடம்” என்றார்கள். யாரும் தடுமாறவில்லை. ஒரு பெண் மட்டும், “அடுத்தவருடையதை இப்படி எடுத்துக்கொண்டால் அவர் கோபித்துக்கொள்ள மாட்டாரா?” என்று கேட்டாள். கட்டற்ற உரிமம் என்றால் என்ன, நகலெடுக்கவும் மாற்றவும் பகிரவும் அது எப்படி முன்கூட்டியே அனுமதி தருகிறது என்று சொல்ல ஆரம்பித்தேன். வகுப்பின் பாதி நேரம் அதிலேயே போயிற்று. கையேட்டில் அதற்கு நான் ஒதுக்கியிருந்தது இரண்டே வரி.

அடுத்த பதிப்புக்கு ‘புல் ரிக்வெஸ்ட்’ பாக்கி இருக்கிறது, நம் திருத்தத்தை மூலத்தில் சேர்த்துக்கொள்ளச் சொல்லிக் கேட்பது. ‘இழுப்புக் கோரிக்கை’ என்று போட்டு வைத்திருந்தேன். அதைப் பார்த்த ஒரு மாணவி தன் தாத்தாவுக்கு இழுப்பு இருக்கிறது, இன்ஹேலர் கொடுக்கிறோம் என்றாள்.

தேவகோட்டை எழுதியது:

இழுப்பு வேண்டாம். ஈர்ப்பு என்னலாம். ஈர் என்ற வேருக்கு

பள்ளத்தூர் எழுதியது:

அண்ணன் ஈர்ப்பை எழுதி முடிப்பதற்குள் ஒன்று சொல்லிவிடுகிறேன். கையேடு உங்களுடையது, கவை இருக்கட்டும். நான் பராமரிக்கும் மொழிபெயர்ப்புக் கோப்பில் ‘வேறு வை’ என்றே இருக்கும். இன்று காலை ஏற்றிவிட்டேன். மறுப்பு உள்ளவர்கள் வழு அறிக்கை பதியலாம். படித்துவிட்டு மூடிவிடுவேன்.