கொல்லையில் கோரை: பிடுங்கப் பிடுங்க வருகிறது, என்ன செய்யலாம்?

கொல்லைக்காரி, மன்னார்குடி:
இரண்டு சென்ட் கொல்லை. கத்தரி, வெண்டை, ஓரத்தில் கீரைப்பாத்தி. போன வருஷம் வரை சாரணையும் குப்பைமேனியும்தான் முளைக்கும், கையால் பிடுங்கினால் போய்விடும். இப்போது எங்கும் கோரை. ஞாயிற்றுக்கிழமை சுத்தமாகப் பிடுங்கினால் வியாழக்கிழமை ஊசி ஊசியாக எட்டிப் பார்க்கிறது. கறுப்பு பிளாஸ்டிக் விரித்தேன், அதையும் குத்திக்கொண்டு வந்துவிட்டது. மாமியார் உப்பைக் கரைத்து ஊற்றச் சொல்கிறார். ஊற்றலாமா?

திருவையாற்றுக்காரன்:
உப்பு வேண்டவே வேண்டாம் அம்மா. களிமண்ணில் இறங்கிய உப்பு லேசில் போகாது. கோரை சாகிறதோ இல்லையோ, கத்தரி செத்துவிடும். தண்டை விரலுக்கிடையில் உருட்டிப் பாருங்கள், மூன்று விளிம்பு தட்டுப்பட்டால் கோரைதான். அப்புறம் ஒன்று, வெளியிலிருந்து மண் கொட்டினீர்களா?

கொல்லைக்காரி:
மூன்று விளிம்பு இருக்கிறது ஐயா. போன கோடையில் மேட்டூர் திறக்குமுன் வாய்க்கால் தூர்வாரினார்கள். நல்ல வண்டல் என்று ஒரு டிராக்டர் வாங்கிக் கொட்டினோம்.

திருவையாற்றுக்காரன்:
அதில்தான் வந்திருக்கும். மண்ணுக்குள் கிழங்குகள் கயிற்றில் கோத்த மாதிரி வரிசையாக இருக்கும். மேலே இழுத்தால் கயிறு அறுந்து, தூங்கிக்கொண்டிருந்த அடுத்த கிழங்கு முளைக்கும்.
காலிப் பாத்தியை இந்தக் கத்திரி வெயிலிலேயே ஒரு சாண் ஆழம் கொத்திப் புரட்டுங்கள். தண்ணீர் காட்டாதீர்கள். பெரும்பாலான கிழங்கு அந்த ஆழத்துக்குள்தான் இருக்கும், வெயிலில் நன்றாகக் காய்ந்தால் முளைக்காது. வாரம் ஒருமுறை மறுபடி புரட்டிக் கிழங்கைப் பொறுக்குங்கள். எருக்குழியில் மட்டும் போடாதீர்கள், எருவோடு திரும்பி வரும்.
கத்தரி நிற்கும் இடத்தில் களைக்கொத்தால் கிழங்கோடு தோண்டி எடுங்கள். பத்து நாளுக்கு ஒருமுறையாவது கை வைக்க வேண்டும். மூன்று வாரம் விட்டால் புதுக் கிழங்கு கட்டத் தொடங்கிவிடும்.

வலங்கைமான் தம்பி:
அக்கா, பவர் வீடர், அதான் களையெடுக்கும் இயந்திரம், அதை மட்டும் ஓட்டிவிடாதீர்கள். நான் ஈரத்தில் ஓட்டினேன். கிழங்குக் கயிற்றை நறுக்கி, ஒரு மூலையில் இருந்ததைக் கொல்லை முழுக்க நட்டுக் கொடுத்துவிட்டது! பிறகு பசுந்தாள் உரச் செடியான தக்கைப்பூண்டை நெருக்கி விதைத்து, பூக்குமுன் மடக்கி மண்ணில் போட்டேன். கோரைக்கு நிழல் ஆகாது, பாதிக்கு மேல் அடங்கிவிட்டது. வைக்கோல் மூடாக்கு சாரணைக்குச் சரி, கோரைக்குப் போதாது.

கொல்லைக்காரி:
களைக்கொல்லி?

திருவையாற்றுக்காரன்:
கிழங்கு வரை இறங்கும் மருந்து கத்தரி இலையில் பட்டால் அதையும் கொல்லும். பக்கத்திலேயே கீரை வேறு. இரண்டு சென்டுக்கு மண்வெட்டி போதும்.

கொல்லைக்காரி (ஆடி மாதம்):
காலிப் பாத்தியை நான்கு முறை புரட்டினோம். இப்போது அங்கங்கே ஒன்றிரண்டுதான் தலை காட்டுகிறது. கத்தரி வரிசையில் இன்னும் போராட்டம்தான். பொறுக்கிய கிழங்கு ஒரு படி தேறியது. உப்பு ஊற்றச் சொன்ன மாமியார் அதைக் கழுவிக் காயவைத்து, குளியல் பொடிக்கு அரைக்கக் கொடுத்திருக்கிறார்.