25 கிராம் கடிதமும் திரும்பி வந்த கட்டும்: கல்வி நிலையத் தபால் அனுபவங்கள்

தபால்மேசை:

பல்கலைக்கழக அஞ்சல் பிரிவில் பதினோரு ஆண்டுகளாக இருக்கிறேன். சேர்க்கைக் கடிதம், ஹால் டிக்கெட், மதிப்பெண் பட்டியல், பட்டச் சான்றிதழ், தேர்வாளர்களுக்குப் போகும் ஆய்வேடு என்று எல்லாமே எங்கள் மேசையைத் தாண்டித்தான் வெளியே போகும். தபால் செலவைக் குறைக்கச் சொல்லி ஆண்டுக்கொருமுறை சுற்றறிக்கை வரும். எங்கே குறைப்பது என்பதை நாங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

ஒரு நாள் சேர்க்கைக் கடிதம் ஒன்றைத் தராசில் வைத்துப் பார்த்தேன். 25 கிராம். பல நாடுகளில் சாதாரணக் கடிதத்துக்கு முதல் எடைப்படி 20 கிராம். அதற்கு மேல் ஒரு கிராம் கூடினாலும் அடுத்த படிக்கான முழுக் கட்டணம் கட்ட வேண்டும். உறையைப் பிரித்தேன். உள்ளே நான்கு தாள்கள், எல்லாம் ஒரு பக்க அச்சு. 80 ஜிஎஸ்எம் (அதாவது சதுர மீட்டருக்கு 80 கிராம்) ஏ4 தாள் ஒன்றின் எடை 5 கிராம்: ஒரு சதுர மீட்டருக்கு 16 தாள், அதன் எடை 80 கிராம், அவ்வளவுதான் கணக்கு. நான்கு தாளுக்கு 20, டிஎல் என்ற நீள உறைக்கு ஏறக்குறைய 5. அதே நான்கு பக்கங்களை இரண்டு தாளில் இருபக்கமும் அச்சிட்டோம். உறையோடு சேர்த்து 15 கிராம் ஆனது. கடிதத்தில் ஒரு சொல்லைக்கூட வெட்டவில்லை.

அப்புறம் ஒரு தவறும் செய்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன். விடுதி விண்ணப்பத்துக்கு மூன்று தாள் தேவைப்பட்டது. எடை போட்டால் 20 கிராமுக்கு ஒரு நூல் உள்ளே நின்றது. சரி, போதும் என்று அனுப்பிவிட்டேன். மழைக்காலம் அது. தாள் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டு எடை ஏறும் என்பது எனக்கு உறைக்கவில்லை. சில கடிதங்களில் கட்டணம் குறைவு என்று முத்திரை விழுந்து, வாங்கியவர்களிடம் மீதியைக் கேட்டிருக்கிறார்கள். புதிதாகச் சேரப்போகும் மாணவரின் வீட்டில், எங்கள் முதல் கடிதத்துக்கு அவர்கள் காசு கொடுத்து வாங்கியிருக்கிறார்கள். இப்போதும் அதை நினைத்தால் மனசு உறுத்துகிறது. அன்றிலிருந்து ஒன்றிரண்டு கிராம் இடம் விட்டுத்தான் கடிதத்தை முடிவு செய்கிறோம்.

உறை விஷயத்தில் என் கருத்து கொஞ்சம் கடுமையானது. மடிக்காமல் போனால் மரியாதையாக இருக்கும் என்று எல்லாவற்றையும் சி4 உறையில் போடுகிறார்கள். 229 × 324 மில்லிமீட்டர் உறை, வெறுமனே வைத்தாலே மூன்று தாளின் எடையைத் தொடும். பல இடங்களில் பெரிய உறைக்குக் கட்டணமும் தனி. தாளை மூன்றாக மடித்தால் 110 × 220 டிஎல் உறையில் அழகாக உட்கார்ந்துவிடும். மடிக்கக் கூடாதது பட்டச் சான்றிதழ். அதற்குப் பெரிய உறையும், உள்ளே கெட்டி அட்டையும் கட்டாயம் வேண்டும். அதில் மிச்சம் பிடிக்கவே கூடாது.

உங்கள் அலுவலகங்களில் நடந்ததைச் சொல்லுங்கள். சரியாக வராமல் போனதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

பள்ளி அலுவலகம்:

சரியாக வராததை நான் சொல்கிறேன். முன்பு வேலை பார்த்த பள்ளியில் நடந்தது, செய்தது நான்தான்.

பருவத் தேர்வு முடிந்து மதிப்பெண் அறிக்கைகளைப் பெற்றோருக்கு அனுப்ப வேண்டும். முகவரிகள் விரிதாளில் இருந்தன. அஞ்சல் குறியீட்டு வரிசையில் அடுக்கிக் கட்டிக் கொடுத்தால் மொத்த அஞ்சலுக்குச் சலுகை கிடைக்கும் என்பதால், முகவரிப் பத்தியை மட்டும் தேர்ந்தெடுத்து வரிசைப்படுத்திவிட்டேன். பெயர்ப் பத்தி அசையவில்லை. ஒட்டுத்தாளில் ஒரு வீட்டுப் பெயரும் இன்னொரு வீட்டு முகவரியும் அச்சாகி, அப்படியே ஒட்டப்பட்டுப் போய்விட்டன.

மூன்றாம் நாள் ஒரு தந்தை தொலைபேசியில் அழைத்தார். கோபமே இல்லாத குரல். "எங்கள் வீட்டுக்கு வேறொரு பிள்ளையின் மதிப்பெண் வந்திருக்கிறது. அந்தப் பிள்ளையின் வீட்டில் தேடிக்கொண்டிருப்பார்கள், அதனால்தான் கூப்பிட்டேன்" என்றார். மூன்று பாடத்தில் தவறிய பிள்ளையின் அறிக்கை அது. ஒரு குழந்தையின் அந்தரங்கத்தை நான் அடுத்த தெருவுக்கு அனுப்பியிருந்தேன். எல்லாவற்றையும் மறுபடி அச்சிட்டு, மன்னிப்புக் கடிதத்தோடு திரும்ப அனுப்பினோம். சலுகையில் மிச்சம் பிடிக்கப்போய் மொத்தச் செலவும் இரட்டிப்பானது.

அதன்பிறகு ஜன்னல் உறைக்கு மாறினோம். முகவரி கடிதத்தின் மேலேயே அச்சாகி ஜன்னல் வழியே தெரியும். தனி ஒட்டுத்தாள் கிடையாது, ஒருவர் கடிதம் இன்னொருவர் உறைக்குள் போக வழியும் கிடையாது. 1902-இல் அமெரிக்காவில் காலஹன் என்பவர் காப்புரிமை பெற்ற பழைய யோசனை. ஆனால் ஒன்று: தாள் உள்ளே நகர்ந்தால் முகவரிக்குக் கீழே இருக்கும் வரியும் ஜன்னலில் தெரியும். எங்கள் கடிதத்தில் அந்த இடத்தில் 'கட்டண நிலுவை' என்று இருந்தது. தபால்காரர் பார்க்க வேண்டிய வரியா அது? இப்போது ஒவ்வொரு கட்டிலிருந்தும் சில உறைகளை எடுத்து, நான்கு விளிம்பையும் மேசையில் தட்டிப் பார்க்கிறோம். எந்தப் பக்கம் தட்டினாலும் முகவரி முழுதாகத் தெரிய வேண்டும், வேறெதுவும் தெரியக் கூடாது. அதில் தேறினால்தான் மொத்தமும் தபாலுக்குப் போகும்.

மூன்று பிள்ளைகளின் அம்மா:

அலுவலகத்தில் இருப்பவர்கள் படிப்பதால் இதைச் சொல்கிறேன். எனக்கு மூன்று பிள்ளைகள், ஒரே பள்ளி. ஒரே சுற்றறிக்கை ஒரே நாளில் மூன்று உறையில் வரும். வீட்டுக்கு ஒன்று போதுமே என்று கேட்டபோது, பட்டியல் மாணவர் வாரியாக இருக்கிறது என்றார்கள். என் தங்கை வீட்டில் நேர்மாறு. அவளும் கணவரும் பிரிந்து வாழ்கிறார்கள். பள்ளியில் ஒரே ஒரு முகவரிதான் பதிவாகும். அதனால் பெற்றோர் கூட்டம் நடப்பதே அவளுக்கு முடிந்தபிறகுதான் தெரியவரும்.

பள்ளி அலுவலகம்:

அம்மா, நீங்கள் சொன்ன இரண்டும் ஒரே இடத்தில்தான் தீரும். பட்டியலில் மாணவர், வீடு இரண்டையும் தனித்தனியாக வைக்க வேண்டும். ஒரு வீட்டுக்குப் பல மாணவர் இருக்கலாம், ஒரு மாணவருக்கு இரண்டு வீடும் இருக்கலாம். நாங்கள் அப்படி மாற்றியதும் சுற்றறிக்கை உறைகள் கண்ணுக்குத் தெரியக் குறைந்தன. மதிப்பெண் அறிக்கை மட்டும் எப்போதும் பிள்ளைக்கு ஒன்றாகத் தனியே போகும். அண்ணன் மதிப்பெண்ணும் தம்பி மதிப்பெண்ணும் ஒரே உறையில் வேண்டாம்.

புதிய எழுத்தர்:

எல்லாவற்றையும் மின்னஞ்சலுக்கு மாற்றிவிட்டால் இந்தச் செலவே இருக்காதே?

பதிவாளர் பிரிவு:

மாற்றிப் பார்த்தோம். சேர்க்கைப் படிவத்தில் எழுதிக்கொடுத்த மின்னஞ்சல் முகவரிகளில் எழுத்துப் பிழைகள். உதவிக்கு வந்த உறவினர் தன் முகவரியையே போட்டுக்கொடுத்த படிவங்களும் உண்டு. தபால் திரும்பி வருவதுபோல மின்னஞ்சலும் திரும்பி வரும். ஆனால் அந்த அறிவிப்புகள் யாரும் திறக்காத ஒரு பெட்டியில் விழுந்துகொண்டிருந்தன. இப்போது சேரும்போதே கேட்கிறோம்: குறுஞ்செய்தியா, மின்னஞ்சலா, தாளா? விடுமுறை அறிவிப்பு, கூட்டத் தேதி எல்லாம் குறுஞ்செய்தியில் போய்விடும். தாள் வேண்டும் என்றவர்களுக்குத் தாள். செலவு நன்றாகவே குறைந்தது, யாரும் விடுபடவும் இல்லை.

நான் சொல்ல வந்தது வேறு. திரும்பி வரும் தபால்.

இந்தப் பிரிவுக்கு மாற்றலாகி வந்த முதல் வாரம், மேசைக்கடியில் ரப்பர் வளையம் போட்ட ஒரு கட்டு கிடந்தது. 'அப்படி ஒருவர் இல்லை', 'வீடு மாறிவிட்டார்', 'கதவு பூட்டியிருந்தது' என்று உறைகளின் மேல் தபால்காரர் கையெழுத்து. யாரும் பிரிக்கவில்லை. பிரிப்பது யார் வேலை என்று எழுதி வைக்காததால் அது யார் வேலையாகவும் இல்லாமல் போயிருந்தது. உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிரித்தேன். ஒன்றில் உதவித்தொகை ஒப்புதல். பதினைந்து நாளுக்குள் கையெழுத்திட்டு அனுப்பாவிட்டால் வேறொருவருக்குப் போய்விடும் என்று அதில் எழுதியிருந்தது. தேதி தாண்டி நான்கு மாதம். அந்த மாணவி படிப்பை நிறுத்திவிட்டாள் என்று துறையில் சொன்னார்கள். கடிதம் கிடைக்காததுதான் காரணமா என்று எனக்குத் தெரியாது. ஆனால் அவள் தந்த புதிய முகவரி விடுதிப் பதிவேட்டில் இருந்தது, எங்களிடம் இல்லை.

விடுதி, நூலகம், கட்டணப் பிரிவு, தேர்வுப் பிரிவு, துறை அலுவலகம் என ஐந்து இடத்தில் ஐந்து முகவரி இருந்தால், எந்தக் கடிதம் எங்கே போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஓராண்டு அலைந்து ஒரே பதிவாக்கினோம். எங்கே மாற்றினாலும் எல்லா இடத்திலும் மாறும். தேர்வு விண்ணப்பத்தில், 'எங்களிடம் உள்ள முகவரி இது, சரிதானா?' என்று அச்சிட்டே கொடுக்கிறோம். வெற்றுக் கட்டம் கொடுத்தால் பழையதையே எழுதுவார்கள். எழுதியிருப்பதைக் கண்ணால் பார்த்தால்தான் வீடு மாறியது நினைவுக்கு வருகிறது.

தேர்வுப் பிரிவு:

எங்களுக்கு எல்லாமே பதிவுத்தபால்தான். பாதுகாப்பு என்று நினைத்தோம். பகலில் எல்லாரும் வேலைக்குப் போய்விடும் வீட்டில் கையெழுத்துப் போட யார் இருப்பார்கள்? சாதாரணத் தபால் பெட்டியில் விழுந்து மாலையில் கைக்குப் போயிருக்கும். பதிவுத்தபாலோ திரும்பி வந்தது. இப்போது அசல் சான்றிதழும் ஒழுங்கு நடவடிக்கைக் கடிதமும் மட்டும் பதிவில் போகின்றன. மற்றவற்றுக்கு, அனுப்பியதற்கான சான்று போதும்.

பதில் உறையிலும் ஒரு பாடம் கிடைத்தது. பழைய மாணவர் கணக்கெடுப்புக்கு ஒவ்வொரு உறையிலும் தபால்தலை ஒட்டிய பதில் உறை வைத்தோம். திரும்பி வந்தவை கொஞ்சம்தான், மற்றத் தபால்தலைகள் எல்லாம் வீண். அடுத்த முறை அஞ்சல் துறையிடம் உரிமம் பெற்று வணிகப் பதில் உறை அச்சிட்டோம். திரும்பி வரும் உறைக்கு மட்டும் நாங்கள் கட்டணம் கட்டினால் போதும்.

நூலகத்திலிருந்து:

வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களோடு இதழ்ப் பரிமாற்றம் வைத்திருக்கிறோம். முன்பு ஒவ்வொரு இதழும் தனிப் பொட்டலமாகப் போனது. 'எம் பை' என்று ஒரு வழி இருப்பதை ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர் ஒருவர்தான் சொல்லிக்கொடுத்தார். ஒரே முகவரிக்குப் போகும் புத்தகங்களையும் இதழ்களையும் ஒரே சாக்குப்பையில் போட்டு அனுப்பலாம். சர்வதேச அஞ்சல் ஒன்றியத்தின் விதிப்படி 30 கிலோ வரை. இந்தச் சேவை இருக்கிறதா என்று முதலில் உங்கள் அஞ்சலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். ஆறு மாத இதழ்களைச் சேர்த்து ஒரு பை. மெதுவாகத்தான் போகும், ஆனால் காலாண்டு இதழுக்கு என்ன அவசரம்?

கூரியரில் அனுப்புவதானால் பெட்டியின் அளவைப் பாருங்கள். நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுத்து வருவதை எடையாக எடுத்துக்கொள்ளும் நிறுவனங்கள் நிறைய. மெல்லிய ஆய்வேட்டைப் பெரிய பெட்டியில் போட்டால் காற்றுக்கும் சேர்த்துக் கட்டணம் கட்டுகிறோம்.

இன்னொன்று, இது பலருக்குத் தெரியாது. பார்வையற்றவர்களுக்கான அஞ்சலுக்குச் சர்வதேச உடன்படிக்கையிலேயே கட்டண விலக்கு இருக்கிறது, விமானக் கூடுதல் கட்டணம் வேண்டுமானால் வரலாம். எங்கள் பிரெய்ல் பாடநூல்களுக்குப் பல ஆண்டுகள் முழுக் கட்டணம் கட்டினோம். பிரெய்ல் தாள் தடிமனானது, ஒரு பாடநூலே பல தொகுதிகளாகும். செலவுக்குப் பயந்து, ஒரு மாணவருக்கு முதல் தொகுதியை மட்டும் அனுப்பி மீதியை நிறுத்தி வைத்திருந்தோம். விதி தெரிந்த அன்றே மீதித் தொகுதிகளையும் கட்டி அனுப்பினோம்.

தபால்மேசை:

எல்லாவற்றையும் இருமுறை படித்தேன். ஒன்று நினைவுக்கு வருகிறது. பிரிட்டனில் ஒரே சீரான முன்கட்டணத் தபாலைக் கொண்டுவந்த ரோலண்ட் ஹில் பள்ளி ஆசிரியராக இருந்தவர். 1837-இல் எழுதிய சிறுநூலில், லண்டனிலிருந்து எடின்பரோவுக்கு ஒரு கடிதத்தைச் சுமந்து போகும் செலவு ஒரு பென்னியில் 36-இல் ஒரு பங்குதான் என்று கணக்குப் போட்டுக் காட்டினார். மற்ற செலவெல்லாம் கடிதத்தைக் கையாள்வதிலும், வாங்குபவரிடம் காசு வசூலிப்பதிலும் இருந்தது. 1840-இல், நாட்டுக்குள் எந்தத் தூரத்துக்கும் ஒரு பென்னி என்ற பென்னித் தபால் வந்தது. எங்கள் செலவும் தபால்தலையில் இல்லை, இரண்டாவது முறை அனுப்புவதில்தான் இருந்தது.

பதிவாளர் பிரிவு நண்பரே, ஒரு கேள்வி. திரும்பி வரும் கட்டை இப்போது யார் பிரிக்கிறார்கள்?

பதிவாளர் பிரிவு:

பெயர் போட்டே எழுதி வைத்திருக்கிறோம். வந்த அன்றே பிரிக்க வேண்டும், அவர் விடுப்பில் போனால் அடுத்தவர். இன்று காலை பதினான்கு உறைகள். ஒன்பது பேர் தொலைபேசியில் கிடைத்தார்கள், முகவரியைத் திருத்தியாயிற்று. மூவருக்குத் துறை வழியாகச் சொல்லி அனுப்பியிருக்கிறோம். மீதி இரண்டு உறைகள் மேசை மேலேயே இருக்கின்றன. மதியத்துக்கு மேல் மறுபடி கூப்பிட்டுப் பார்க்க வேண்டும்.