சிங்கப்பூர் – நியூயார்க்: ஆறரை மணி நேரமா, பதினெட்டரையா?

தெம்பனிஸ்காரி:
அக்டோபரில் அம்மாவை நியூயார்க்கில் தங்கை வீட்டுக்குக் கூட்டிப் போகிறேன். 68 வயது, முழங்கால் வலி, சர்க்கரைக்கு மாத்திரை. நிற்காமல் போகும் விமானம் இரவு 11.30 வாக்கில் கிளம்பி, மறுநாள் காலை 6 மணி வாக்கில் இறங்குவதாகப் போட்டிருக்கிறது. "ஆறரை மணி நேரம்தானே, தூங்கி எழுந்தால் வந்துவிடும்" என்று அம்மா குஷியாக இருக்கிறார். நிஜமாக எத்தனை மணி நேரம்? பிராங்பர்ட் வழியாகப் போனால் தேவலையா?

குயின்ஸ் தாத்தா:
அம்மாவிடம் இன்றைக்கே சொல்லிவிடும்மா, பதினெட்டரை மணி நேரத்துக்கு மேல். டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர் மணி. அக்டோபரில் நியூயார்க் 12 மணி நேரம் பின்னால் இருக்கும், அதைக் கூட்டிக்கொள். நவம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை இங்கே நியூயார்க்கில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் திருப்பி வைப்பார்கள், அப்புறம் 13. திரும்பும்போது அம்மா வேறு மாதிரிக் குழம்புவார்: காலையில் ஏறினால் மறுநாள் சாயங்காலம்தான் சிங்கப்பூர் சாங்கி விமான நிலையம்.

விமானப்பித்தன்:
தூரத்தை நானே சொல்லிவிடுகிறேன், இது எனக்குப் பிடித்த ஜோடி. இரண்டு ஊரும் உலக உருண்டையில் கிட்டத்தட்ட எதிரெதிர்த் தீர்க்கரேகையில் இருக்கின்றன. ஒரு நூலை இழுத்துப் பிடித்தால் வட துருவத்தை ஒட்டியே போகும், சுமார் 15,300 கி.மீ. ஆனால் விமானம் நூல் பிடித்துப் போவதில்லை. மேலே மேற்கிலிருந்து கிழக்காக அடிக்கும் வேகக் காற்று முதுகில் தள்ளினால் ஆயிரம் கி.மீ. சுற்றினாலும் லாபம். அதனால் பல நாள் ஜப்பான் பக்கமாகப் பசிபிக்கைத் தாண்டிப் போவார்கள். வழியை அன்றன்றைய காற்றைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள்.

2004இல் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ்காரர்கள் நான்கு இன்ஜின் ஏ340-500 விமானத்தை வைத்து, நியூயார்க்கை ஒட்டிய நியூவார்க் விமான நிலையத்துக்கு ஓட்டினார்கள். எரிபொருள் குடித்தே தீர்த்தது, 2013இல் நிறுத்திவிட்டார்கள். 2018இல் இரண்டு இன்ஜின் ஏ350 வந்த பிறகுதான் மறுபடி. 161 இருக்கை மட்டும், எகானமி கிடையாது. பிரீமியம் எகானமிக்கே பர்ஸ் அழும்.

தெம்பனிஸ்காரி:
எகானமி இல்லையா! அப்போது பிராங்பர்ட்தான் போல. மாத்திரையை எந்த ஊர் மணிக்குக் கொடுப்பது?

குயின்ஸ் தாத்தா:
மாத்திரையை டாக்டரிடம் கேள், இங்கே யார் சொன்னாலும் கேட்காதே, நான் உட்பட. எழுதி வாங்கிக் கைப்பையில் வை. ஏற்றும் பெட்டியில் போடாதே.

பிராங்பர்ட் வழி எகானமி உண்டு, மொத்தத்தில் நாலைந்து மணி நேரம் கூடும். முதல் துண்டு சுமார் 13 மணி நேரம், அடுத்தது எட்டு, ஒன்பது. நடுவில் எல்லோரும் இறங்கி, மறுபடி பரிசோதனை வரிசையில் நிற்க வேண்டும். எனக்கு அது பிடிக்கும், கால் நீட்டலாம். என் வீட்டுக்காரிக்கு முழங்கால் வலி, அவளுக்கு அந்த நடைதான் எமன். எந்த வழி போனாலும் டிக்கெட் போடும்போதே சக்கர நாற்காலி கேட்டுவிடு, நடைபாதை ஓர இருக்கை வாங்கு. "எனக்கெதுக்கு நாற்காலி" என்று அம்மா ரோஷப்படுவார், காதில் வாங்காதே.