பச்சைக்கிளி நீலமாகிவிட்டது, மறுபடி வண்ணம் தீட்டலாமா?

கிளிப்பிரியன்:
பழைய செப்புத்தகட்டு அச்சுப்படம் ஒன்றைச் சட்டத்திலிருந்து கழற்றினேன். கழுத்தில் சிவப்பு வளையம் உள்ள கிளி. கைவண்ணம். கீழே பிரெஞ்சில் பெயரும் ஒரு எண்ணும். பின்பக்கம் யாரோ பென்சிலில் ‘மார்த்தினே’ என்று குறித்திருக்கிறார்கள். உடம்பு முழுக்கச் சாம்பல் கலந்த நீலம். ஆனால் படத்தைச் சுற்றி வைத்திருந்த மவுண்ட் அட்டைக்கு அடியில் ஒளிந்திருந்த வால் நுனி மட்டும் நல்ல பச்சை. இரண்டுக்கும் நடுவே ஸ்கேல் வைத்துக் கோடு போட்டது மாதிரி எல்லை! வண்ணம் பிற்காலத்தில் தீட்டியதா? தெரிந்த ஓவியர் ஒருவர் அதே பச்சையை உடம்புக்கும் கொடுத்துவிடலாம் என்கிறார். செய்யலாமா?

செம்போத்து:
முதலில் பத்து மடங்கு லென்ஸில் பாருங்கள். வரிசையாகப் புள்ளிகள் தெரிந்தால் இக்கால அச்சு, பேச்சே இல்லை. செப்புத்தகடு என்றால் கோடுகளில் மை சற்று மேடாக நிற்கும். படத்தைச் சுற்றித் தகடு அழுந்திய தடமும் இருக்கும்.

தாள்பழகி:
ஓவியரைத் தயவுசெய்து நிறுத்துங்கள். காகிதச் சீரமைப்புதான் என் தொழில், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

அந்த வால் நுனிதான் உங்கள் படத்தின் சாட்சி. அக்காலத்தில் பச்சைக்கு நீலத்தையும் மஞ்சளையும் கலப்பது வழக்கம். பிரஷ்ய நீலத்தோடு காம்போஜ் போன்ற தாவர மஞ்சள் சேரும். வெளிச்சம் பட்டால் மஞ்சள் முதலில் போய்விடும், நீலம் மிஞ்சும். அட்டை மறைத்த இடத்தில் மஞ்சள் தப்பித்திருக்கிறது. ஆக, உங்கள் கிளிக்கு நீலம் தீட்டியவர் யாரும் இல்லை.

பிற்கால வண்ணமா என்று பார்க்க இன்னொரு வழி உண்டு. தாளில் பழுப்புப் புள்ளி விழுந்த இடங்களில், ஈரம் ஊறாமல் தடுக்கத் தாளுக்கு ஏற்றிய பசை வலு குறைந்திருக்கும். அதன்மேல் பிறகு வண்ணம் வைத்தால் அங்கே ஊறிப் படரும். புள்ளி விழுமுன் தீட்டியது அப்படிப் படராது.

மார்த்தினே என்றால், பிரெஞ்சு இயற்கையியலாளர் புஃபோனின் பறவை நூலுக்காக அந்தச் செதுக்கோவியர் செய்து 1765 முதல் வெளிவந்த தகடுகள். மொத்தம் 1008, அதில் 973 பறவைகள். தோபாந்தோன் என்ற இயற்கையியலாளரின் மேற்பார்வையில் எண்பதுக்கும் மேற்பட்டோர் உழைத்தார்கள். எல்லாம் கைவேலை என்பதால் ஒரே தகட்டின் இரண்டு பிரதிகளில்கூடப் பச்சை ஒன்றுபோல இருக்காது. ‘அதே பச்சை’ என்று ஓவியர் எதைச் சொல்கிறார்? இங்கிலாந்தில் பறவை நூல்களுக்குப் படம் வரைந்த ஜார்ஜ் எட்வர்ட்ஸ், தன் காலத்துக்குப் பிறகு யாராவது நிறத்தைக் கெடுத்துவிடுவார்களே என்று அஞ்சி, தன் கையாலேயே வண்ணமிட்ட தொகுதிகளை மாதிரியாக விட்டுப்போனார். அந்தக் கவலை எனக்கு நன்றாகப் புரிகிறது.

அப்புறம், யாராவது அமிலம் நீக்கக் காரக் கரைசலில் கழுவலாம் என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். பிரஷ்ய நீலம் காரத்தில் பழுப்பாகிவிடும், திரும்பி வராது.

கிளிப்பிரியன்:
லென்ஸில் பார்த்தேன், அச்சுப் புள்ளி ஒன்றுகூட இல்லை. வளையத்தின் சிவப்பு ஓர் இடத்தில் கோட்டைத் தாண்டிக் கழுத்து இறகில் ஏறியிருக்கிறது, தூரிகை போன திசைகூடத் தெரிகிறது. இறக்கையில் ஒரு பழுப்புப் புள்ளி, அதன்மேல் வண்ணம் படரவில்லை. ஓவியரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மறுபடி சட்டம் போடும்போது வால் நுனியை என்ன செய்வது? வெளியே தெரிந்தால் இரண்டு நிறமாக இருக்குமே?

தாள்பழகி:
இருக்கட்டும். நானாக இருந்தால் தகட்டுத் தடமும் வெளியே தெரியும்படி அட்டையைப் பெரிதாக வெட்டச் சொல்வேன். அமிலமில்லாத பருத்தி அட்டை, புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடி, வெயில் எட்டாத சுவர். அருங்காட்சியகங்களில் இப்படிப்பட்ட படங்களுக்கு 50 லக்ஸ் வெளிச்சம்தான் கணக்கு. அதிலும் சில மாதம் மாட்டிவிட்டுக் கழற்றி இருட்டில் வைப்பார்கள். வால் நுனி வெளியே வந்தபின் அந்தப் பச்சைக்கு அட்டையின் மறைவு இருக்காது, எனவே நீங்களும் அப்படியே செய்யுங்கள். மாட்டுமுன் நல்ல பகல் வெளிச்சத்தில் நுனியை ஒரு புகைப்படம் எடுத்து வையுங்கள்.